உஷார்! கடல் தாண்டிப் போன மகள் 'நல்லாயிருக்கேன்' என்கிறாளா? உடனே நம்பாதீர்கள்!

அம்மாமார்களே, அக்கா தங்கச்சிகளே, கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்தோ, பங்கிலிருந்தோ, சபையிலிருந்தோ ஒரு பெண் வெளிநாட்டில் இருக்கிறாளா? மடத்து சிஸ்டராக, நர்ஸாக, முதியோர் இல்லத்தில் கவனிப்பாளராக, அரபு வீட்டில் வேலைக்காக... எதற்காகப் போயிருந்தாலும் சரி. வாரம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் வந்து, "நல்லாயிருக்கேம்மா, ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாளா?

உஷார்! அந்த இரண்டு நிமிஷம் போக மீதி வாரம் முழுக்க அவளுக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நம் ஏற்காடு மலையில் கரடியூர்ப் பக்கத்தில் ஒரு தாய்க்கும் தெரியவில்லை. பெயர் வேண்டாம். எந்தச் சபை, எந்த மடம் என்பதும் வேண்டாம். அந்தப் பிள்ளை இன்னும் தேறிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "இன்னொருத்திக்கு நடக்கக் கூடாதுக்கா, எழுதுங்க" என்றாள்.

அப்பா காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரமேறி மிளகு பறிப்பவர். அம்மா பழம் பறிக்கப் போவார். பிளஸ் டூ முடித்ததும் பிள்ளை மடத்தில் சேர்ந்தாள். நர்ஸிங் படித்தாள். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அன்று ஊரே வேன் பிடித்துப் போய்ப் பார்த்தது. கொஞ்ச நாளில் இத்தாலிக்கு அனுப்பினார்கள். சபை நடத்தும் முதியோர் இல்லம். ஊரில் ஒரே பெருமை. 'எங்க சிஸ்டர் ரோம் பக்கம் இருக்காங்க' என்று சொல்லாத ஆள் இல்லை.

அங்கே என்ன நிலைமை? அவள் ஒருத்தியைத் தவிர தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. இத்தாலிய மொழியை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு நேராக டியூட்டி. ராத்திரி வேலை. படுக்கையோடு இருக்கும் முதியவர்களைத் தூக்க வேண்டும், துடைக்க வேண்டும், இறந்தால் கண்ணை மூடிவிட வேண்டும். திருப்பலி புரியாத மொழியில். பாவசங்கீர்த்தனமும் அப்படித்தான். நெஞ்சில் இருப்பதைச் சொல்ல வார்த்தை வராமல், மனப்பாடமாக நாலு வரி சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடவுளிடம் அழுவதற்குக்கூடத் தாய்மொழி கிடைக்காத நிலை என்றால் யோசித்துப் பாருங்கள்!

அப்பா இறந்தார். தங்கும் அனுமதி புதுப்பிப்பில் இருந்ததால் வர முடியவில்லை. அடக்கத்தை செல்போனில் பார்த்தாள். சிக்னல் பாதியில் போய்விட்டது.

அதற்குப் பிறகு தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. திருப்பலியில் உட்கார்ந்தால் காரணமில்லாமல் கண்ணீர். மடத்துத் தலைவியான மதரிடம் சொன்னாள். "சிலுவையாக ஏற்றுக்கொள், இன்னும் கொஞ்சம் ஜெபி" என்று பதில் வந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. அந்த மதருக்கும் எழுபதைத் தாண்டிய வயது, அவருக்கும் ஆள் பற்றாக்குறை. ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய பிள்ளைக்கு ஜெபத்தை மட்டும் மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

அந்த ஓட்டை வழியாகத்தான் அவன் நுழைந்தான்.

தமிழில் ஒரு வாட்ஸ்அப் ஜெபக்குழு. யாரோ சேர்த்துவிட்டார்கள். அதில் ஒரு 'பிரதர்'. ராத்திரி டியூட்டி நேரத்தில் தனியாக மெசேஜ். "சிஸ்டர், ஆண்டவர் உங்களை என் மனசில் பாரமாக வைத்திருக்கிறார்." தினமும் தமிழில் ஜெபம். அப்பா பெயரைச் சொல்லி ஜெபம். மாதக்கணக்கில் ஒருவரும் கேட்காததை அவன் கேட்டான்: "சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் பிள்ளை விழுந்துவிட்டாள்.

அடுத்து என்ன? "நம்ம ஜெபத்தை மதரிடம் சொல்ல வேண்டாம், புரிந்துகொள்ள மாட்டார்கள்." பிறகு ஒரு அனாதை இல்லத்துக்கு உதவி. கிறிஸ்துமஸுக்கு முதியவர்களின் வீட்டார் அன்பாகக் கொடுத்த உறைகள் அவனுக்குப் போயின. கூட வேலை செய்த பெண்ணிடம் கடன் வாங்கியதும் போனது. பிறகு ஒரு போட்டோ கேட்டான். பிறகு இன்னொன்று. பிறகு மிரட்டல்!

விஷயம் வெளியே வந்ததும் அவளுக்குக் கிடைத்தது விமான டிக்கெட். 'வீட்டுக்குப் போய் ஓய்வெடு' என்ற ஒரு வரி. மிரட்டியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஊருக்கு வந்தால் ஊர் விட்டதா? "சிஸ்டர் ஏன் அங்கியைக் கழட்டிட்டாங்க?" என்று டீக்கடை வரை பேச்சு. அவள் மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இது எங்கோ ஒருத்திக்கு நேர்ந்த தலைவிதி என்று தள்ளிவிடாதீர்கள். குண்டு வெடித்தால் செய்தி வரும். 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்ஸுகள் சிக்கியபோது நாடே பதறியது. 2016 மார்ச் 4-ம் தேதி ஏமனின் ஏடனில் அன்னை தெரசா சபையின் நான்கு சிஸ்டர்களைச் சுட்டுக் கொன்றபோது உலகமே அழுதது. ஆனால் ஒருத்தி அறைக்குள் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோவதை எந்தச் செய்தியும் சொல்லாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருச்சபைக்கே இது தெரியும். 1970-லேயே கேரளத்து ஏழைப் பெண்களை ஐரோப்பிய மடங்களுக்கு ஆள்சேர்த்து அனுப்புவதாக லண்டன் பத்திரிகை ஒன்று எழுதி, வத்திக்கான் வரை பிரச்சினை போனது. 2018-ல் வத்திக்கான் நாளிதழின் பெண்கள் இணைப்பே, சிஸ்டர்கள் சம்பளமில்லாமல், ஒப்பந்தமில்லாமல் வீட்டு வேலை செய்ய வைக்கப்படுவதை எழுதியது. அதே ஆண்டு நவம்பரில், உலகெங்கும் உள்ள பெண் துறவறச் சபைத் தலைவிகளின் கூட்டமைப்பு, துன்புறுத்தப்பட்ட சிஸ்டர்கள் மறைக்காமல் புகார் சொல்ல வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. 2019 பிப்ரவரியில் போப் பிரான்சிஸே, குருக்களால் சிஸ்டர்கள் துன்புறுத்தப்படுவது உண்மை என்று ஒப்புக்கொண்டார். 2020-ல் இன்னொரு வேதனை வெளியே வந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்து, சபையை விட்டு வெளியேறி அல்லது வெளியேற்றப்பட்டு, நடுத்தெருவில் நின்ற முன்னாள் சிஸ்டர்களுக்காக ரோமில் போப் பிரான்சிஸ் ஒரு வீடு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ரோமிலேயே, அம்மா! நாம் பெருமையாகச் சொல்கிற அதே ரோமில்.

"விசுவாசம் இருந்தால் இதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அவர்களிடம் அன்னை தெரசாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1928-ல் 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். அம்மாவை மறுபடி பார்க்கவே இல்லை. அம்மா 1972-ல் அல்பேனியாவில் இறந்தார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது: ஏறக்குறைய 50 வருஷம் உள்ளுக்குள் ஒரே இருள், கடவுள் தூரமாகப் போய்விட்ட வேதனை. புனிதைக்கே அப்படி! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இருளை அவர் ஒளித்து வைக்கவில்லை. நம்பிக்கையான ஆன்ம குருக்களுக்கும் பேராயருக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். கேட்பதற்கு ஆள் இருந்தார்கள்.

நம் பிள்ளைக்கு அந்த ஆள் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு பெண்ணையும் விமானம் ஏற்றாதீர்கள்.

அன்று வெள்ளைக்காரர்கள்கூட இதில் உஷாராகத்தான் இருந்தார்கள். வெயிலிலும் காலராவிலும் தங்கள் ஆட்கள் சாவதைப் பார்த்து அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். ஊழியம் செய்பவர்கள் வருஷத்துக்கு ஒருதடவை மலையேறி, தங்கள் மொழி பேசுகிறவர்களோடு இருந்து, உடம்பையும் மனசையும் தேற்றிக்கொண்டு இறங்கினார்கள். நம் ஏற்காட்டிலும் பார்க்கிறோமே, குளூனி புனித சூசையப்பர் சபை சிஸ்டர்கள் 1894-ல் தொடங்கிய திரு இருதய மடம் இன்றும் நிற்கிறது. எத்தனை மடங்கள், எத்தனை தியான இல்லங்கள் இந்த மலையில்! வெளியூர்ப் பெண்கள் வந்து இளைப்பாற நம் மலை இடம் கொடுத்தது. இந்த மலையிலிருந்து போன நம் பெண்ணுக்கு, போன இடத்தில் இளைப்பாற ஒரு நிழல் இருக்கிறதா என்று நாம் கேட்டோமா?

இனி கவனமாகப் படியுங்கள். இவையெல்லாம் ஆபத்தின் அடையாளங்கள்.

பேச்சு சுருங்குகிறது. முன்பெல்லாம் ஆடு போட்ட குட்டியைப் பற்றிக்கூட கேட்டவள், இப்போது எதையும் கேட்பதில்லை. வீடியோவில் வர மறுக்கிறாள். வந்தால் பக்கத்தில் யாரையோ பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறாள் என்றால் இன்னும் உஷார்! வீட்டில் மட்டும் புரிகிற ஒரு வார்த்தையைப் போவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் 'நான் கஷ்டத்தில் இருக்கிறேன்' என்று அர்த்தம். எங்கள் பங்கின் அன்பியக் குழுவில் இப்போது இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.

பாஸ்போர்ட் அவள் கையில் இல்லை. 'பத்திரமாக நாங்கள் வைத்திருக்கிறோம்' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், முதலாளியானாலும் மதரானாலும். 1967-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலும் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். செல்போனில் மட்டும் வைத்துவிட்டு, போன் தொலைந்ததும் தவித்தவர்கள் உண்டு.

மனசாட்சியையே கேட்டு வாங்குகிறார்கள். இது சிஸ்டர்களுக்கு. எந்த மேலதிகாரியும் "உன் உள்மனசில் இருப்பதை என்னிடம் சொல்லியே ஆகவேண்டும்" என்று வற்புறுத்தக் கூடாது. இதை நான் சொல்லவில்லை. திருச்சபைச் சட்டத்தின் 630-வது விதி சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கும் ஆன்ம வழிகாட்டலுக்கும் உரிய சுதந்திரம் தரவேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அழைத்தலுக்குத் தேவையானதைச் சபை கொடுக்க வேண்டும் என்பது 670. வெளியேற்றும் நடவடிக்கை வந்தால் சபையின் உச்சத் தலைவிக்கு நேரடியாக எழுதும் உரிமை 698-ல் இருக்கிறது. வெளியேற்றும் ஆணை கைக்கு வந்தால் மேல்முறையீடு செய்ய முன்பெல்லாம் பத்து நாள்தான் இருந்தது. 2023-ல் போப் பிரான்சிஸ் அதை 30 நாளாக்கினார். சபையை விட்டு வந்தவளிடமும் நியாயத்தோடும் நற்செய்தியின் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்பது 702. கரடியூர்ப் பிள்ளைக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. டிக்கெட்டைக் கையில் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தெரிந்திருந்தால் ஒரு கடிதமாவது எழுதியிருப்பாள்!

'ரகசிய ஜெபம்' என்று ஒருவன் வருகிறான். ஜெபத்துக்கு ரகசியம் வேண்டும் என்று சொல்பவன் ஊழியக்காரன் இல்லை. நடுராத்திரியில் தனி மெசேஜ், 'வீட்டில் சொல்லாதே', 'உனக்கென்று ஒரு தீர்க்கதரிசனம் வந்தது', பிறகு காணிக்கை, பிறகு போட்டோ. வரிசை இதுதான், மாறாது. முதல் படியிலேயே பிளாக் பண்ணச் சொல்லுங்கள். போட்டோ போய்விட்டதென்றால் பணம் கொடுத்து அடைக்கப் பார்க்காதீர்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுங்கள். அவளைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள், அந்த மறைப்பில்தான் அவன் பிழைக்கிறான்.

உடம்பு வழியாக மனசு பேசுகிறது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் ஆசையில்லை, காரணமில்லாத அழுகை, ஜெபத்தில்கூட ஒன்றும் இல்லாத வெறுமை... இது பாவமும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். "நான் இல்லாவிட்டால் யாருக்கும் பாரமில்லை", "ஆண்டவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டால் நல்லது" என்று ஒரு வார்த்தை வந்தாலும், ஐயோ, அதை பக்தி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்! அன்றே, அந்த நிமிஷமே ஆள் அனுப்புங்கள். அந்த ஊரில் இருக்கிற யாரையாவது அவள் அறைக்கதவைத் தட்டச் சொல்லுங்கள். என்ன செய்வது என்று குழம்பினால் 14416 எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம், வீட்டார் பேசியும் ஆலோசனை கேட்கலாம்.

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மலையில் நிறையப் பெண்கள் பத்தாவது முடிக்காதவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஈ.சி.ஆர் பாஸ்போர்ட். 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். 30 வயது நிரம்பாத பெண்ணை வீட்டு வேலைக்கு அனுப்ப அனுமதியே இல்லை. அதனால்தான் ஏஜென்ட் 'விசிட் விசா' என்கிறான். விசிட் விசாவில் போனவள் அங்கே வேலைக்காரி என்று கணக்கிலேயே இருக்க மாட்டாள். அடித்தால் கேட்க ஆளில்லை! சேலத்தில் ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு, தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்று 1978 முதல் ஒன்று இருக்கிறதே, அங்கே கேளுங்கள்.

வழிபாட்டிலும் உஷார். துபாய், குவைத், தோஹா, பஹ்ரைன், மஸ்கட் எல்லாவற்றிலும் கோயில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், பல இடங்களில் வெள்ளிக்கிழமையும் திருப்பலி இருக்கும். போனதும் முதல் வேலையாக அங்கே தமிழ்க் குழு எது என்று விசாரித்துப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் சவூதியில் கிறிஸ்தவக் கோயிலே கிடையாது. வெளிப்படையான வழிபாட்டுக்கும் அனுமதி இல்லை. யாரோ வீட்டில் ரகசியக் கூட்டம் நடக்கிறது, வா என்று தெரியாதவர் கூப்பிட்டால் பிள்ளை போகக் கூடாது. போலீஸில் மாட்டினால் சிறையோ நாடு கடத்தலோ வரலாம். அங்கே போகிறவளுக்கு இங்கிருந்தே போனில் துணை நிற்க ஒரு அக்காவை ஏற்பாடு செய்துவிட்டு அனுப்புங்கள்.

அக்கா என்றேனே, அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அம்மாவாக இருக்கக் கூடாது. அம்மாவிடம் பிள்ளை உண்மை சொல்லமாட்டாள், அம்மா பதறுவார் என்று மறைப்பாள். மதராகவும், ஊர்ப் பங்குத்தந்தையாகவும் இருக்கக் கூடாது. அவளுக்கு மேலே அதிகாரம் இல்லாத, வாய் அடக்கமான ஒரு பெண் வேண்டும். கடல் தாண்டி வேலை பார்த்துத் திரும்பிய ஒரு நர்ஸோ, ஓய்வுபெற்ற டீச்சரோ கிடைத்தால் ரொம்ப நல்லது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம். ஜெபக் குறிப்பு கேட்கும் அரைமணி நேரம் இல்லை. "தூங்கினியா? யாரோட பேசினே? சம்பளம் வந்துச்சா? பாஸ்போர்ட் எங்கே? கடைசியா எப்ப சிரிச்சே?" என்று கேட்கும் அரைமணி நேரம். ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு சபையும் தன் பெண்களுக்கு இப்படி ஒருத்தியை நியமித்தால் பாதி ஆபத்து குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மடத்தில் சேர்க்கும் பெற்றோரே, கூச்சப்படாமல் அனுப்பும் முன்பே கேளுங்கள். எந்த ஊர், யாரோடு தங்குவாள், மொழி கற்க எத்தனை மாதம், வாரம் ஒருநாள் ஓய்வு உண்டா, வருஷத் தியானத்தை அவளுக்குப் புரிகிற மொழியில் செய்ய வழி உண்டா, வீட்டில் சாவு விழுந்தால் வர முடியுமா, உடம்பு சரியில்லாவிட்டால் எந்த ஆஸ்பத்திரி? கேட்டால் சிஸ்டர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று பயப்படாதீர்கள். நல்ல சபை என்றால் சந்தோஷமாகப் பதில் சொல்லும். கோபப்பட்டால் அதுவே உங்களுக்கு ஒரு அடையாளம்.

கை மீறிப் போய்விட்டதா? இந்தியத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். வெளிநாட்டில் தவிக்கும் இந்தியருக்குத் தங்குமிடம், டிக்கெட், வக்கீல் உதவிக்காக 2009-ல் தொடங்கிய ஒரு நல நிதி இப்போது ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது. சிஸ்டர் என்றாலும் அவள் இந்தியப் பிரஜைதான், தயங்க வேண்டாம். இங்கிருந்து வீட்டார், வெளிநாடு வாழ் இந்தியர் உதவி மையத்துக்கு 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் புகார் பதியலாம். படிக்கத் தெரியாவிட்டால் பஞ்சாயத்து ஆபீஸிலோ, பள்ளிக்கூட டீச்சரிடமோ உதவி கேளுங்கள்.

திரும்பி வந்தவளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கரடியூர்ப் பிள்ளையை இத்தாலி பாதி உடைத்தது என்றால் மீதியை உடைத்தது நம் ஊர் வாய்தான். "ஏன் வந்துட்டீங்க?" என்று ஒருத்தரும் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்காருங்கள். கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். ஒரு வேலைக்கு வழி பண்ணுங்கள். நர்ஸிங் படித்த கை, சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை இப்போது மருந்து சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அம்மாவோடு தோட்டத்துக்கும் போகத் தொடங்கியிருக்கிறாள்.

இன்று ராத்திரியே உங்கள் பிள்ளைக்குப் போன் போடுங்கள். அவள் "நல்லாயிருக்கேன்" என்றதும் வைத்துவிடாதீர்கள். "சரி கண்ணு, இப்ப உண்மையைச் சொல்லு" என்று கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை லைனிலேயே இருங்கள்.